தேவதாசின் நோய்

நான்கு நாள் மழிக்காத முகம், தோளினின்று நழுவும் சால்வை, தள்ளாடும் நடை ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுமாயின், நம்மவர் அவருக்கு வேறு பெயர் தேடுவதில்லை. “அதோ தேவதாஸ் வருகிறான்” என்று கூறிவிடுவர். சென்னையிலும் மதுரையிலும் மட்டுமன்று. தமிழர் பிழைப்பை நாடிச் சென்று நிலைத்த மும்பைத் தாராவியிலும் கோலார் தங்கவயலிலும் இப்பெயர் வழங்கக் கேட்கலாம். தங்கவயலின் லைன் வீடுகளில் வளர்ந்த நாம், அப்படத்தைக் காண்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெயரைக் கேட்டுவிட்டோம். அதில் ஏளனம் ஒரு பங்கு. இரக்கம் ஒரு பங்கு. உற்று நோக்கினால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது ஒருவகைப் பெருமை. ஆழ்ந்து அன்பு செலுத்தியவன்தான் இவ்வாறு குடித்து அழிவான் என்ற எண்ணம் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. குடியையும் துயரத்தையும் பற்றிப் பேசப் புகுந்த நாம் தேவதாசை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த மூன்றாவது பங்கேயாகும்.

தேவதாஸ் வங்கத்தில் பிறந்தவன். சரத் சந்திர சட்டோபாத்தியாயர் இளமையிலேயே எழுதி, வெளியிடத் தயங்கி வைத்திருந்த அந்நாவல் 1917இல் நூலுருவம் பெற்றது. 1935இல் பி. சி. பரூவா அதை வங்காளியில் படமாக்கினார். அவர் இயக்கிய இந்திப் படத்தில் கே. எல். சைகால் நடித்துப் பாடினார். நம்மவர் நெஞ்சில் இடம்பெற்றது 1953இல் வேதாந்தம் ராகவையாவின் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த படமாகும். அக்கினேனி நாகேசுவர ராவ் தேவதாசாகவும், சாவித்திரி பார்வதியாகவும், லலிதா சந்திரமுகியாகவும் அதில் நடித்தனர். இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதைக் காணாமலே 1952இல் இளவயதில் காலமானார். கண்டசாலாவின் குரலில் ஒலித்த பாடல்களை இன்றும் முணுமுணுப்போர் உளர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அப்படம் வெளிவந்தபோது சென்னை இராச்சியத்தில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கடைத்தெருவில் விலைக்குக் கிடைக்காத பண்டத்தைத் திரையில் ஒருவன் ஓயாது அருந்தக் கண்டு, மக்கள் கண்ணீர் வடித்துக்கொண்டு வீடு திரும்பினர்.

கற்பனை மனிதனுக்கு மருத்துவச் சோதனை எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும். மனநல மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள் திரைப்படப் பாத்திரங்களை மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. உண்மை நோயாளியின் வரலாற்றை ஊரறியச் சொல்லுதல் தகாது; தேவதாசின் வரலாற்றையோ ஊர் முழுதும் முன்பே அறியும். அன்றியும், எந்த மருத்துவருக்கும் கிட்டாத வசதி நமக்குக் கிட்டியிருக்கிறது. சிறுவனாகப் பள்ளிக்குச் சென்றது முதல் பார்வதியின் வாயிலில் உயிர்விட்டது வரையில் அவனை நாம் உடனிருந்து பார்த்திருக்கிறோம். மருத்துவர் முன்னிலையில் நோயாளி மறைத்துவிடும் செய்திகளும் நமக்கு மறைவாக இல்லை.

மருத்துவர் முதலில் வினவுவது, குடிப்பதற்கு முன் இவன் எவ்வாறு இருந்தான் என்பதே. செல்வக் குடும்பத்துப் பிள்ளை; தந்தைக்கு அஞ்சியவன். சினம் விரைவில் வரும். துணிவு விரைவில் வாராது. பார்வதியின் குடும்பம் தாழ்ந்தது என்று பெற்றோர் மறுத்தபோது அவன் எதிர்த்து நிற்கவில்லை. நகரத்துக்குச் சென்று, தன்னை மறந்துவிடுமாறு அவளுக்குக் கடிதம் எழுதினான். எழுதியபின் மனம் பொறாமல் ஊருக்கு ஓடிவந்தான். அதற்குள் வேறிடத்தில் மணம் உறுதியாகிவிட்டது. தன்மானம் உடைய அப்பெண் இசைய மறுத்தாள். அவன் கைவீசி அடித்த அடி அவள் நெற்றியில் வடுவாயிற்று. இவையெல்லாம் நோயல்ல, இளமையின் குணக்கேடுகள். இத்தகைய தயக்கமும் ஆத்திரமும் உள்ள ஆயிரம் பேர் மணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, நன்றாக வாழ்ந்து முடிகின்றனர். ஆயினும் இங்கே ஒரு குறிப்பை மருத்துவர் தம் ஏட்டில் எழுதிக்கொள்வார். பார்வதியை உலகம் இவனிடமிருந்து பறித்தது என்று நாம் கூறுகிறோம். இவன் மனத்துக்கோ அவ்வாறு தோன்றவில்லை. இழப்புக்குக் காரணம் தன் கையெழுத்தே என்பதை அவன் அறிவான்.

இவ்விடத்தில் தற்செயலான ஒரு பொருத்தத்தைக் குறிப்பிட வேண்டும். நாவல் வெளிவந்த அதே 1917ஆம் ஆண்டில், வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, இழப்பினால் வரும் துக்கத்தையும் நோயாகிய மனச்சோர்வையும் வேறுபடுத்திக் காட்டும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வங்கத்து எழுத்தாளரை அவர் அறியார்; இவரும் அக்கட்டுரையைக் கருதி எழுதியவர் அல்லர். துக்கத்தில் உலகம் வெறுமையாகத் தோன்றுகிறது என்றும், மனச்சோர்வில் தன்னையே வெறுமையாகவும் இழிவாகவும் ஒருவன் காண்கிறான் என்றும் பிராய்டு விளக்கினார். பிறர்மேல் பாயவேண்டிய சினம் தன்மேலேயே திரும்புவதும் உண்டு என்றார். அவருடைய கொள்கைகளுள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. இந்த வேறுபாடு மட்டும் இன்றும் பயன்படுகிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் நாம் அழுகிறோம். பின்னர்ச் சிறிது சிறிதாக உணவு ருசிக்கிறது. பேரக்குழந்தை சிரித்தால் நமக்கும் சிரிப்பு வருகிறது. அது துக்கம். தேவதாசுக்கோ நாள் செல்லச் செல்ல எதுவும் ருசிக்கவில்லை. சொத்தில் பற்றில்லை, தாய்வீட்டில் நிலைகொள்ளவில்லை, நாளை என்ற ஒன்றைப் பற்றிய பேச்சே அவன் வாயில் இல்லை. தான் தகுதியற்றவன் என்ற எண்ணமும் சாவைப் பற்றிய நினைவும் மட்டும் வளர்ந்தன. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள இன்றைய வரையறையின்படி, இத்தகைய அறிகுறிகள் பத்தில் ஐந்தேனும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலும் நாள்தோறும் காணப்பட்டால் அது மனச்சோர்வு நோயாகும். தேவதாசுக்கு இரண்டு வாரமன்று, ஆண்டுகள் கழிந்தன.

இனி, குடி. கதையில் தேவதாசின் கையில் முதல் கோப்பையைக் கொடுத்தவன் பகையாளி அல்லன், நண்பன். துயரம் மறக்கும் என்று கூறி, மருந்தாகக் கொடுத்தான். குடிநோய் இவ்வாறு மருந்தின் வேடத்தில் வருவதே பெரும்பான்மை. அது முதல்நாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்கிறது என்பதுதான் தொல்லை.

இதைத் தங்கவயல்காரர் எளிதில் விளங்கிக்கொள்ள ஓர் உவமை உண்டு. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு, மேலே உள்ள வைண்டிங் இஞ்சினின் விசையாலும் பிரேக்கின் பிடியாலும் சேர்ந்தே இயங்குகிறது. மூளையிலும் அவ்வாறே, விரைவைக் கூட்டும் பொருள்களும் குறைக்கும் பொருள்களும் உள்ளன. மது, பிரேக்கை அழுத்துகிறது. அதனால் பதற்றம் தணிகிறது, உறக்கம் வருகிறது. நாள்தோறும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், மூளை சும்மா இருப்பதில்லை. தன் பங்குக்கு இஞ்சினின் விசையைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது பழைய அமைதியைப் பெறவே முன்னிலும் மிகுதியாகக் குடிக்க வேண்டியதாகிறது. குடி இறங்கிய விடியற்காலையில், பிரேக் விலகி இஞ்சின் மட்டும் ஓடுகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, காரணமற்ற அச்சம் பற்றுகிறது. அவ்வச்சத்தையும் தன் பழைய துயரமென்றே அவன் எண்ணிக்கொள்கிறான். மீண்டும் கோப்பையை நாடுகிறான். துயரத்துக்காகக் குடித்த காலம் போய், குடியினால் வந்த துயரத்துக்காகக் குடிக்கும் காலம் வந்துவிடுகிறது. பார்வதி அங்கே வெறும் பெயராகத்தான் எஞ்சியிருக்கிறாள். இதைக் கூறுவது காதலர்க்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் படத்தின் பிற்பகுதியை மறுபடியும் பார்ப்பவர் இதை உணராமல் இரார்.

ஒருவர் குடிநோயில் அகப்பட்டுள்ளாரா என்பதை விரைவாக அறிய, அமெரிக்க மருத்துவர் ஜான் யூவிங் 1984இல் நான்கு சிறு வினாக்களை வெளியிட்டார். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதேனும் உங்களுக்குத் தோன்றியதுண்டா? பிறர் உங்கள் குடியைக் குறைகூறி எரிச்சல் மூட்டியதுண்டா? குடித்ததற்காகக் குற்றவுணர்வு கொண்டதுண்டா? காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தாலே மேலும் ஆராய வேண்டும் என்பது வழக்கம். தேவதாசிடம் இவற்றைக் கேட்டால் முதல் வினாவுக்குத்தான் அவன் தயங்குவான் எனத் தோன்றுகிறது. மற்றவற்றுக்கு அவன் விடை கூறவே வேண்டியதில்லை, படமே கூறிவிடுகிறது.

ஆனால் மருத்துவருக்கு இத்துடன் வேலை முடிவதில்லை. சோர்வு முந்தியதா, குடி முந்தியதா என்பதை அவர் பிரித்தறிய வேண்டும். மிகுதியாகக் குடிப்பவருக்கு மதுவே மனச்சோர்வை உண்டாக்குகிறது. குடியை நிறுத்தி மூன்று நான்கு வாரங்கள் சென்றால் பலருக்கு அச்சோர்வு தானே பெருமளவு விலகிவிடுகிறது. விலகாதவர்களுக்குச் சோர்வு தனி நோய் எனக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்தே மருத்துவம் செய்வர். தேவதாசின் வரலாற்றில் சோர்வு முந்தியது போலத் தோன்றினாலும் உறுதி கூற இயலாது. அவன் குடிக்காமல் நான்கு வாரம் இருந்து நாம் பார்க்க வாய்ப்பே கிட்டவில்லை. 1955இல் பிமல் ராய் எடுத்த இந்திப் படத்தில் ஒரு காட்சி வருகிறது. நோயுற்றுப் பயணம் செய்யும் தேவதாசை இரயில் வண்டியில் பழைய நண்பன் சந்திக்கிறான். மகிழ்ச்சியோடு புட்டியை நீட்டுகிறான். அந்நண்பனிடம் வஞ்சம் ஒன்றுமில்லை. குடியை விட்டவனுக்கு நேரும் சோதனை பெரும்பாலும் அப்படிப்பட்ட சிரித்த முகத்தோடுதான் வருகிறது.

இப்போது, கதையின் நடுநாயகமான காட்சிக்கு வருவோம். மணமாகிச் சென்ற பார்வதி, குடித்து அழியும் தேவதாசைப் பார்க்க வருகிறாள். குடியை விட்டுவிடு என்று மன்றாடுகிறாள். அவன் விட்டுவிடுவதாகச் சொல்லவில்லை. இறப்பதற்கு முன் ஒருமுறை உன் வாயிலுக்கு வருவேன் என்று வாக்களிக்கிறான். கொட்டகை முழுவதும் விம்மும் இடம் அது. நாமும் விம்மியிருக்கிறோம். பார்வதி அதை அன்பின் வாக்குறுதியாகக் கொண்டாள். பார்த்தவர்களும் அவ்வாறே கொண்டோம். படம் முழுவதும் அந்த வாக்கு நிறைவேறுமா என்ற ஆவலே நம்மைப் பற்றி இழுக்கிறது. அவன் பிழைப்பானா என்ற ஆவல் நமக்கு எழுவதே இல்லை!

மருத்துவர் செவியில் அந்த வாக்கியம் வேறு விதமாக விழும். கைநிறைய வயது மீதமுள்ள இளைஞன் ஒருவன், தன் சாவை முடிந்துபோன செய்தியாகவும், எவ்விடத்தில் சாவது என்பதை மட்டுமே தீர்மானிக்க வேண்டியதாகவும் பேசுகிறான். நோயின் அறிகுறிகளுள் இதனினும் பெரியது இல்லை. அந்நேரத்தில் அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, நேருக்கு நேராக ஒன்றைக் கேட்பார்: “தம்பி, செத்துவிட வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?” இவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமே என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். ஆராய்ந்தவர்கள் அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என்றே கண்டுள்ளனர். கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நெஞ்சில் இருந்த பாரம் சிறிது இறங்குகிறது. தேவதாசைச் சுற்றி அன்புடையோர் பலர் இருந்தனர். பார்வதி இருந்தாள், சந்திரமுகி தன் தொழிலைத் துறந்து அவனுக்குப் பணிவிடை செய்தாள், முதிய வேலைக்காரர் தருமதாசர் இரயிலிலும் அவனைவிட்டுப் பிரியவில்லை. ஒருவரும் அவனை இக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமற் போனது அவர்கள் குற்றமுமன்று.

தங்கவயலுக்கும் தேவதாசுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையின் துயரம் சுரங்கத் தொழிலாளியினுடையதன்று. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்கம் நடத்தினர். அக்கால வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அடியில் பாறையின் வெம்மை. நுரையீரலில் படியும் கல்தூசி. முன்னறிவிப்பின்றிப் பாறை வெடித்துச் சரியும் அச்சம். ஷிப்டு முடிந்து மேலேறிய உடம்பு வலிக்கு ஒரு குவளை என்பது அந்நாளில் ஒருவரும் குறைகூறாத வழக்கமாயிருந்தது. இங்கும் குடி மருந்தாகவே வந்தது. கொடுத்தவன் பகவான் என்ற நண்பன் அல்லன், தெருவே கொடுத்தது. 2007இல் கருநாடகத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டபோது, குவளை போய்ச் சீசா வந்தது. பழக்கம் அவ்வாறே நின்றது.

1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னைத் தந்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாளன்று மூடப்பட்டன. பொன் போயிற்று, கூலி போயிற்று என்று எல்லோரும் கணக்குப் பார்த்தனர். கணக்கில் வராத ஒன்றும் போயிற்று. ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய சங்கு நின்றது. அதைக் கேட்டு எழுந்து, அதைக் கேட்டு உண்டு, அதைக் கேட்டு உறங்கிய ஊர் அது.

நம் லைனிலே ஒரு பெரியவர் இருந்தார். தரையடியில் முப்பது ஆண்டு உழைத்தவர். சுரங்கம் மூடியபின் அவர் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. தாடி வளர்க்கவில்லை; பாடவில்லை; கவிதை பேசவில்லை. கால் குடைச்சல் என்றார்; தலைப்பாரம் என்றார்; சோறு இறங்கவில்லை என்றார்; இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முன்பு மாலையில் மட்டும் குடித்தவர் பின்பு காலையிலும் குடித்தார். “வேலை இல்லாததால் சோம்பல்” என்று வீட்டார் கூறினர். “குடியால் உடம்பு கெட்டது” என்று தெருவார் கூறினர். ‘தேவதாஸ்’ என்று அவரை யாரும் அழைக்கவில்லை. ஏனெனில் அவருக்கு ஒரு பார்வதி இல்லை. படத்தால் நமக்கு நேர்ந்த தீங்கு இதுவே என்று நாம் கருதுகிறோம். துயரமென்றால் அது பாட்டோடும் பெண்ணோடும் வரும் என்று கண்கள் பழகிவிட்டன. வேலையை இழந்தவனின் ஓசையற்ற சோர்வு கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் தென்படவில்லை.

மனச்சோர்வுற்ற நம் மக்களுள், “மனம் சரியில்லை” என்று கூறிக்கொண்டு மருத்துவரிடம் வருபவர் குறைவு. உடம்பைச் சொல்லிக்கொண்டே பெரும்பாலோர் வருகின்றனர். அதில் பொய்யொன்றும் இல்லை. வலி உண்மையாகவே வலிக்கிறது. கல்தூசி படிந்த நுரையீரல் உள்ளவருக்கு மூச்சிரைப்புக்கு வேறு காரணமும் உண்டாகையால், உடலையும் சோதித்தே தீரவேண்டும். ஆனால் எக்ஸ்ரே எடுத்து, இரத்தம் பார்த்து, எல்லாம் முடிந்தபின்னும் ஒருவருக்கு உறக்கமும் உணவும் ஆர்வமும் வாரக்கணக்கில் திரும்பவில்லையாயின், அடுத்த கேள்வி மனத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அப்பெரியவர் ஒரு கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். அன்று முதல் ஒரு துளியும் தொடவில்லை. வீட்டில் விழாக்கோலம். இரண்டாம் நாள் கைகால் நடுங்கின. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்வதாகக் கூறி அடிக்கத் தொடங்கினார். மூடிய சுரங்கத்தில் ஆட்கள் அழைப்பதாகக் கூவினார். சாமி குற்றம் என்றனர் சிலர்; காற்றுக் கருப்பு என்றனர் சிலர். முன்னே கூறிய வைண்டிங் இஞ்சினை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் அழுத்திய பிரேக்கை ஒரே நாளில் எடுத்துவிட்டார். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் நினைவு தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தோன்றலாம். கவனியாது விட்டால் உயிருக்கும் ஆபத்து. ஆகையால் அத்தகையோர் குடியை விடும் முதல் வாரத்தை மருத்துவமனையில் கழிப்பதே நலம். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தையும், பி-1 வைட்டமின் ஊசியையும் அங்கே கொடுத்து, இஞ்சினை மெல்ல மெல்ல அடக்குவர். நோன்பிருப்பது நல்லதே, நோன்புக்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் கூறிவிட்டு இருப்பது அதனினும் நல்லது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்துகளைப் பற்றிய விளம்பரங்களையும் நேயர்கள் பார்த்திருப்பீர்கள். மது உள்ளே சென்றால் உடலைப் பதறவைக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றை ஒருவர் அறியாமல் அவருக்குக் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இனி, நடித்தவர்களைப் பற்றி ஒரு சொல். இந்தித் தேவதாசாக நடித்த திலீப்குமார், சோக வேடங்களையே தொடர்ந்து ஏற்றதனால் தம் மனம் தளர்ந்ததை உணர்ந்து, மனநல மருத்துவரை நாடினார். அவர் கூறியபடி நகைச்சுவை வேடங்களை ஏற்றுத் தேறினார். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாத்திரத்துக்குக் கிடைக்காத மருத்துவர் நடிகருக்குக் கிடைத்தார். தமிழிலும் தெலுங்கிலும் பார்வதியாக நின்று, குடியை விடும்படி மன்றாடிய சாவித்திரியின் பிற்காலமோ நாமறிந்ததே. குடிப்பழக்கம் அவரைப் பற்றியது; நெடுங்காலம் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26இல் அவர் மறைந்தார். அவருக்கு இன்ன நோய், இன்ன காரணம் என்று நாம் ஆராயப்போவதில்லை. பாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சோதிக்கலாம். வாழ்ந்து மறைந்த ஒருவரைத் தொலைவிலிருந்து சோதிக்க நமக்கு உரிமையில்லை. குடி ஆணின் நோய் என்ற எண்ணத்தால், பெண்களுடைய நோய் வீட்டுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது என்பதை மட்டும் ஈண்டுக் குறிக்கலாம்.

தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், பெங்களூரில், தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. ‘நிம்ஹான்ஸ்’ என்ற பெயரால் நாடறிந்த அந்நிறுவனம், மைசூர் அரசின் பழைய மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநலக் கழகமும் 1974இல் ஒன்றிணைந்து உருவானது. குடிநோய்க்கெனத் தனிப்பிரிவு அங்கே உண்டு. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்குப் பயன்படக்கூடிய வேறொரு வழி, 2022இல் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மனஸ்’ என்னும் தொலைபேசி உதவியாகும். அதன் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இது சிறிய செய்தியன்று. சந்தையில் இந்தியும் கன்னடமும் மராத்தியும் சரளமாகப் பேசுபவருக்கும், நெஞ்சில் உள்ளதைச் சொல்லும்போது தாய்மொழிதான் வாய்க்கு வரும்.

அப்பெரியவரைப் பற்றி மீதியையும் கூறிவிடுகிறோம். மாலை போட்ட நான்காம் நாள், அவருடைய மகள் அவரை அழைத்துக்கொண்டு மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலில் ஏறினாள். வேலைக்குப் பெங்களூர் செல்வோர் நெருக்கியடித்துக்கொண்டு போகும் வண்டி அது. ஒருவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். மருத்துவமனையில் பதினைந்து நாள் இருந்தார். நடுக்கம் தெளிந்தபின், தமிழறிந்த இளைய மருத்துவர் ஒருவர் அவர் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, முன்னே நாம் கூறிய அந்தக் கேள்வியைக் கேட்டார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சங்கு ஊதாத ஊருல காலையில எதுக்குய்யா எழுந்திரிக்கிறது?” என்றார். பக்கத்தில் நின்ற மகள், சுரங்கம் மூடிய நாள்முதல் தகப்பனார் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து தான் கேட்டதில்லை என்று பின்னர் நம்மிடம் கூறினாள். மருத்துவர் நாற்காலியை இன்னும் சற்று அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சங்கு எத்தனை மணிக்கு ஊதும் ஐயா? முதலிலிருந்து சொல்லுங்கள்” என்றார்.